ஃப்ரிட்ஜுக்கு யாப்பு எழுதிய பாமியான் அண்ணை

அலுவலகத்தில் நடப்பதையெல்லாம் தேதி போட்டுக் குறித்துவைக்கும் என் கோப்பில் ஒரு தாள் இருக்கிறது. தேதி 8 ஆகஸ்ட் 2022, திங்கள். தலைப்பு: ‘மூன்றாம் மாடிக் குளிர்சாதனப் பெட்டியின் யாப்பு’. அரசியல் சாசனத்தை யாழ்ப்பாணத்துக்காரர்கள் யாப்பு என்பார்கள். மொத்தம் பதினொரு பிரிவுகள். பாலுக்கு மட்டும் தனி அத்தியாயம். பூமியில் ஒரு ஃப்ரிட்ஜுக்கு யாப்பு எழுதிய ஒரே மனிதர், நியூசிலாந்தின் எல்லர்ஸ்லியில் எங்கள் அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருந்தார்.

அந்த யாழ்ப்பாணத்துக்காரரைப் பாமியான் அண்ணை என்போம். ஆப்கானிஸ்தானில் இருக்கும் பாமியானுக்கு அவர் போனதே இல்லை. ஆனால் வாடகை, மழை, கிரிக்கெட் என்று எதில் பேச்சைத் தொடங்கினாலும் பாமியானில் கொண்டுபோய் முடிப்பார். நியூசிலாந்துப் படை அங்கே பத்து வருடம் தங்கி ரோடும் பள்ளிக்கூடமும் கட்டிய கதை அவருக்கு மனப்பாடம். பயங்கரவாதத்தை ஒழிக்க நாட்டைக் கட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. ஆளைக் கண்டுபிடி, ஆகாயத்திலிருந்து அடி, வேலையை முடி என்பது என் கட்சி.

ஆகஸ்ட் 2, செவ்வாய். காபூலில் மாடி முகப்பில் நின்ற ஒரு பயங்கரவாதத் தலைவரை அமெரிக்கா ஆளில்லா விமானத்தால் அடித்த செய்தி சரியாக எங்கள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தது.

“பாத்தீங்களாண்ணே? ஒரே ஒரு ஆளு. பக்கத்து ரூம்ல இருந்தவங்களுக்குக்கூட ஒண்ணும் ஆகல,” என்றேன்.

“ஓம், போன வருசம் அடிச்சது ஆர்ட வீட்டில விழுந்தது? காரில தண்ணிக் கேன் ஏத்தின மனுசன். ஏழு பிள்ளையளும் செத்ததுகள். அதையும் உம்மட டயறியில எழுதினீரோ?”

“நீங்க சொல்ற மாதிரி இருபது வருஷம் கட்டினாங்களே, பத்து நாள்ல விழுந்துச்சே?”

“ஊராக்களைக் கேளாமல் கட்டினா விழத்தான் செய்யும். இந்தப் பருப்பைக் கொஞ்சம் போடும், விசர்க்கதை கதையாமல்.”

அந்த வாரம்தான் என் சாப்பாட்டு டப்பா முதன்முதலில் காணாமல் போனது. அதற்கடுத்த சில நாட்களில் வேறு நான்கு பேருடையதும் போயின. காலையில் சமையலறையில் தனியாக இருப்பவர் துப்புரவு வேலைக்கு வரும் மெலே, டோங்கா நாட்டுப் பெண்மணி. இன்னொரு டப்பா போனால் ஆளை மாற்றச் சொல்லித் துப்புரவுக் கம்பெனிக்கு எழுதிவிடுவேன் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். மெலே மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர் மேல் லேசான சந்தேகம்தான்.

“ஒரு மனுசியின்ர வேலை போகப்போகுது,” என்றார் அண்ணை. “அரசாங்கம் இல்லாத இடத்திலதான் களவு. நாங்கள் கட்டுவம்.”

கட்டினார். தட்டுக்கு ஒரு பிரதிநிதி என்று நான்கு பேர் கொண்ட ஃப்ரிட்ஜ் சபை. தேர்தலில் பதிவான வாக்குகள் மூன்று. அதில் ஒன்று அண்ணையுடையது, இன்னொன்று அவர் கையைப் பிடித்துத் தூக்கிய என்னுடையது. டப்பாவுக்கெல்லாம் பெயரும் தேதியும் போட்ட லேபிள். கீழ்த்தட்டு ‘பொதுத் தட்டு’. பசித்தவர் யாரும் கேட்காமல் எடுத்துச் சாப்பிடலாம்.

“எடுத்துத் தின்ன இடமிருந்தால் களவெடுப்பானேன் தம்பி?”

மக்கள் தாராளமாக வழங்கினார்கள்: காய்ந்த கேக்கின் ஓரம், யாரும் திறக்க அஞ்சிய ஊறுகாய், பாதி வெள்ளரிக்காய். அண்ணை மட்டும் தினமும் புதிதாகப் புட்டு கொண்டுவந்து வைத்தார். இரண்டு வாரம் ஒரு டப்பாவும் போகவில்லை. பிறகு பிளாட் புஷ்ஷில் மகள் வீடு மாறுகிறாள் என்று ஒரு வாரம் லீவு போட்டார். திரும்பி வந்தபோது லேபிள் கட்டு மேசைக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. சபை கலைந்திருந்தது. பொதுத் தட்டில் யாரோ செருப்புப் பெட்டியை வைத்திருந்தார்கள்.

“நீங்க போய்ப் பத்து நாள்கூடத் தாங்கலையேண்ணே,” என்றேன்.

அவர் செருப்புப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

இனி என் முறை. செப்டம்பர் 6, செவ்வாய். மவுண்ட் வெல்லிங்டனில் வாங்கிய குட்டி மிளகாயை அரைத்துத் தயிர்சாதத்தின் நடுவில் புதைத்தேன். மேல் தட்டு, வலது மூலை, நீல மூடி. யாரிடமும் சொல்லவில்லை. என் இருக்கையிலிருந்து சமையலறை தெரியாது. இந்த முறையின் வசதியே அதுதான்.

11.50க்கு ஓர் இருமல் கேட்டது. வெற்றி என்று ஓடினேன்.

ஃப்ரிட்ஜ் முன்னால் பாமியான் அண்ணை குந்தியிருந்தார். கண் சிவந்து, மூக்கு ஒழுக, மேனேஜரின் பால் போத்தலை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருடைய யாப்பின்படி அதுவே பெருங்குற்றம். பக்கத்தில் என் நீல மூடி. எனக்குப் பின்னால் மேனேஜர் வந்தார். துடைக்கும் துணியுடன் வாசலில் நின்ற மெலேயைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

அண்ணை எழுந்தார். இதுவரை போன டப்பாக்கள் எல்லாவற்றையும் தானே எடுத்ததாக, இருமலுக்கு நடுவே, நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. ஃப்ரிட்ஜைத் தொடத் தடை. மெலேயின் வேலை தப்பியது. அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் அண்ணையைப் பிடித்தேன்.

“அண்ணே, நெஜமா நீங்கதானா?”

“லேபிள் கழண்ட டப்பாவைச் சபைத் தலைவர் திறந்து, சுவைச்சுப் பாத்து, ஆர்ட எண்டு கண்டுபிடிக்கலாம். யாப்பில பிரிவு ஆறு.”

“அது இன்னிக்கு. மத்த அஞ்சு டப்பா?”

“குண்டு விழுந்த இடத்தில நிண்டவன்தான் எதிரி எண்டு எழுதி ஃபைலை மூடுறதுதானே உம்மட கட்சி? அப்பிடியே எழுதி மூடும்.” காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார். “தயிர் நல்ல தயிர், தம்பி.”

அதன் பிறகு அவர் சாப்பாடு ஐஸ் பெட்டியில், மேசைக்கடியில் இருந்தது. நானும் என் டப்பாவுடன் அங்கேயே போய் உட்கார்ந்தேன். வாதம் நிற்கவில்லை, ஆனால் என் கட்சி முன்போல் சத்தம் போடவில்லை. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். அவர் போன மறு வாரம் ஃப்ரிட்ஜிலிருந்து என் இட்லி டப்பா காணாமல் போனது.

யாரிடமும் சொல்லவில்லை. கீழ்த்தட்டைத் துடைத்து, ‘பொதுத் தட்டு’ என்று அவர் கையெழுத்திலிருந்த பழைய லேபிளை மறுபடி ஒட்டினேன். செவ்வாய்தோறும் அங்கே ஒரு டப்பா தயிர்சாதம் வைக்கிறேன், மிளகாய் இல்லாமல். மத்தியானத்துக்குள் காலியாகிவிடுகிறது.

அந்த ஐந்து டப்பாக்களை எடுத்தவர் யார் என்பது சரிபார்க்கப்படாத தகவல். என் குறிப்பேட்டில் நான் சரிபார்க்கவே விரும்பாத தகவலும் அது ஒன்றுதான்.