டாக்டர் அமோரிமின் வீட்டுப்பாடம்

அந்தக் கடிதத்தில் ஒரு குறைகூட இல்லை. ஃபின்டனை உறுத்தியது அதுதான்.

"படிச்சிட்டியா?" என்று கேட்டார் மனைவி டிம்ப்னா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "போர்ச்சுகல்ல, அவேரோல வேலை. நம்ம அவேரோ. செப்டம்பர்லேர்ந்து இங்கிலீஷ் டீச்சர்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பேரு போட்டிருக்கே, தெரியல?"

ஃபின்டன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டேப்லெட்டை மறுபடி பார்த்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை என்று யாருக்குக் கடிதம் வந்தாலும், எங்கள் அயர்லாந்து ஊரான ஸ்லைகோவில் அதை முதலில் ஃபின்டனிடம்தான் கொண்டுபோவார்கள். வியாழக்கிழமை காலையில் நகர நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே பதவி அது. சம்பளம் வானத்தைத் தொட்டால் மோசடி. நேர்காணல் இல்லாமல் வேலை கொடுத்தால் மோசடி. 'செலவுக்கு முன்பணம் அனுப்பவும்' என்றால் படுமோசடி. அங்கே இப்போது வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரோடு போனில் பேச விடமாட்டேன் என்றால், பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போ என்பார். அவர் மேசைக்கு வந்தவர்களில் யாரும் ஏமாந்ததில்லை. வெளிநாட்டுக்குப் போனவர்களும் அதிகமில்லை.

"எப்ப விண்ணப்பம் போட்டே?" என்றார்.

"போன மாசம். விளம்பரம் பாத்தேன், போட்டேன். உங்கிட்ட சொன்னா ஆயிரம் நொட்டை சொல்லுவே."

"நேர்காணல் வச்சாங்களா?"

"வச்சாங்களாவா? லியோகாதியான்னு ஒரு அம்மா. முழுசா ஒரு மணி நேரம். நான் பேசப்பேசக் கொட்டாவி விட்டுக்கிட்டே இருந்தா."

ஃபின்டன் டேப்லெட்டைக் கீழே வைத்தார். கொட்டாவி அவர் சொல்லிக்கொடுத்தது.

"முடிச்சதும் உடனே வேலை குடுத்துட்டாங்களாக்கும்?"

"எங்க? முதல்ல வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் காத்திருப்போர் வரிசையில வச்சாங்க. நேத்துதான் வான்னு எழுதினாங்க."

அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

"அங்க வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்டயும் பேசினேன். க்ளைவ்னு ஒரு வேல்ஸ்காரர். அரை மணி நேரம் புலம்பித் தீர்த்துட்டார். ஹீட்டர் சரியில்லையாம், சுவரெல்லாம் ஈரமாம், நகல் எடுக்கிற மெஷின் தாளைத் தின்னுதாம். அப்படிப் புலம்புற மனுஷன் பொய்யா இருக்க முடியுமா ஃபின்டன்? டீச்சர்ஸ் ரூம்லயே உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு எனக்கு." டிம்ப்னா சிரித்தார். அந்தச் சிரிப்பை ஃபின்டன் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

விஷயம் இதுதான். குளிர்காலத் தொடக்கத்தில் ஃபின்டனுக்கே மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. 'மதிப்பிற்குரிய மேதையே, தங்கள் புகழ் போர்ச்சுகல் முழுவதும் பரவியுள்ளது. மாதம் ஒன்பதாயிரம் யூரோ, கடலோர பங்களா, சமையற்காரர். விசா செலவுக்கு மட்டும் உடனே பணம் அனுப்பவும். இப்படிக்கு, டாக்டர் அமோரிம், அவேரோ.'

வேறு எந்த ஊர் பெயர் இருந்திருந்தாலும் அதைக் குப்பையில் போட்டிருப்பார். அவேரோ என்று இருந்ததால் போட முடியவில்லை.

இளம்வயதில் ஃபின்டன் அந்த ஊரில்தான் பாடம் நடத்தினார். ஒரு கருவாட்டுக் கடையின் மாடியில் இரண்டே அறைகள். சுவரில் ஈரம் பூத்து, சாக்பீஸ் எழுத எழுத உதிரும். மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே ஒரு ஹீட்டர். ஆசிரியர்கள் முறை வைத்து எடுத்துப்போவார்கள். தன் முறையை ஃபின்டன் பக்கத்து வகுப்பு டிம்ப்னாவுக்குக் கொடுத்துவிட்டு, மார்ச் வரை இருமிக்கொண்டே இலக்கணம் நடத்தினார். அந்த இருமலைக் கேட்டுத்தான் டிம்ப்னா அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். சாயங்காலம் கால்வாய்க் கரையில் கரி அடுப்பில் மத்தி மீன் சுடுவார்கள். சம்பளம் வராத வாரங்களில்கூட மீன் சுடுகிறவர் கடனுக்குக் கொடுப்பார். பிறகு ஃபின்டனின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, இருவரும் ஊர் திரும்பினார்கள். அவருக்கு இங்கே நிரந்தர வேலை கிடைத்தது. டிம்ப்னாவுக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசை. அடுத்த வருஷம் அவேரோவுக்குத் திரும்பிப் போகலாம் என்று ஃபின்டன் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னார்.

டாக்டர் அமோரிமுக்கு அவர் கோபமாகத்தான் பதில் எழுதினார். 'ஐயா, அயர்லாந்துக்காரன் போர்ச்சுகல் போக விசாவே வேண்டாம். இதுகூடத் தெரியாமல் இந்தத் தொழிலுக்கு வரலாமா?'

மறுநாளே பதில் வந்தது. 'மன்னிக்கவும், ப்ரொஃபசர். விசாவை எடுத்துவிட்டேன். வேறு என்ன குறை?'

வேறு என்ன குறை. தன் வாழ்நாளில் ஒரு மாணவன்கூட ஃபின்டனிடம் இப்படிக் கேட்டதில்லை. வியாழக்கிழமை மேசைக்கு உதவும், மோசடிக்காரன் மனசு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். உண்மை என்னவென்றால், அவருக்கு வகுப்பு இல்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தது.

சம்பளத்தை ஒன்பதில் ஒரு பங்காக்கு என்று எழுதினார். பங்களாவை விடு, ஒழுகாத அறை ஒன்று போதும். யாரையும் புகழாதே, நல்ல பள்ளிக்கூடம் ஆசிரியரைப் புகழ்ந்து நான் பார்த்ததே இல்லை. நேர்காணல் வை. கேள்வி கேட்பவர் கொட்டாவி விட வேண்டும். முதலில் வேண்டாம் என்று சொல், பிறகு காத்திருப்போர் வரிசையில் வை, முன்பணம் மட்டும் கேட்காதே. சரியான விலாசம் கொடு. பள்ளியின் படம் போடு, அதில் சுவர் ஈரமாக இருக்கட்டும். போனில் குறை சொல்ல ஒரு ஆசிரியரை ஏற்பாடு செய். எழுத எழுத, கருவாட்டுக் கடை மாடி முழுவதும் அவர் கண்முன் வந்து நின்றது. சில ராத்திரிகளில் எழுதி முடித்ததும் அவருக்குப் பழைய இருமல்கூட வந்தது.

டாக்டர் அமோரிம் எல்லாவற்றையும் தவறாமல் செய்து காட்டினார். ஒரே ஒருமுறைதான் எதிர்க்கேள்வி கேட்டார்: 'ப்ரொஃபசர், முன்பணமே கேட்காவிட்டால் நாங்கள் எப்படிப் பிழைப்பது?' ஃபின்டன் கறாராக எழுதினார்: 'அது உன் பாடு. திருத்துவது மட்டும்தான் என் வேலை.' அதற்குப் பிறகு கடிதம் நின்றுபோயிற்று. பையன் படிப்பை விட்டுவிட்டானே என்று ஃபின்டன் கொஞ்ச நாள் வருத்தப்பட்டார்.

இப்போது அவருடைய மிகச் சிறந்த மாணவன் அவருடைய மனைவியை மாட்டியிருந்தான். டிம்ப்னா வேலையை விட்டுவிட்டு, இந்த வயதில், பெட்டியும் கையுமாக ஏதோ ஒரு பூட்டிய கதவின் முன்னால் போய் நிற்கப்போகிறார். அதை நினைக்கவே அவரால் முடியவில்லை.

அன்றே அமோரிமுக்கு அவசரக் கடிதம் போட்டார். 'டிம்ப்னா கெராட்டி என்ற அம்மாளை உடனே விட்டுவிடு. இது ஆசிரியரின் கட்டளை.'

பதில் பணிவாக வந்தது. 'ப்ரொஃபசர், தேர்ந்தெடுத்தவரைக் கடைசி நேரத்தில் கைவிடுவது போலிப் பள்ளிகளின் வழக்கம் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அவருக்கு ஒப்பந்தத்தை இன்றே அனுப்பிவிட்டேன்.'

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் டிம்ப்னா பல் மருத்துவரிடம் போய் ராஜினாமா கொடுத்துவிட்டு, வரும் வழியில் ஒரு சூட்கேஸும் வாங்கி வந்தார்.

ஃபின்டன் போலீஸ் நிலையத்துக்கு ஓடினார். அங்கே பணியில் இருந்த மாலக்கி அவருடைய பழைய மாணவர். ஃபின்டன் அச்செடுத்துக் கொண்டுபோன கடிதங்கள் எல்லாவற்றையும் ஆற அமரப் படித்தார்.

"இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா மாஸ்டர்?"

"ஆமா."

"காசு ஏதாவது வாங்கினீங்களா?"

"சேச்சே."

"அவங்க யார்கிட்டயாவது காசு கேட்டிருக்காங்களா?"

"கேக்காதேன்னு நான்தான் சொன்னேன்."

மாலக்கி கடிதங்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "அப்ப அவங்க மேல ஒண்ணும் பண்ண முடியாது. இதுல குத்தம்னு எழுதணும்னா உங்க மேலதான் எழுதணும். பேசாம வீட்டுக்குப் போங்க." ஃபின்டன் வாசல்வரை போனதும் கூப்பிட்டார். "மாஸ்டர், எங்க அக்கா மகளும் இங்கிலீஷ்தான் படிச்சிருக்கா. அங்க இன்னொரு இடம் இருக்குமா?"

வேறு வழியில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஃபின்டன் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். முதல் கடிதத்திலிருந்து கொட்டாவி வரை ஒன்று விடாமல்.

டிம்ப்னா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீ ஒரு திருடனுக்குப் பாடம் எடுத்தே."

"ஆமா."

"அவன் ஒழுங்கா வீட்டுப்பாடம் செஞ்சான்."

"ரொம்ப ஒழுங்கா."

"எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுக்கப் போயி வேலியில ஏத்தினவன் நீ. நீ சொல்லி ஒருத்தன் இவ்வளவு தேறிட்டான்னு நான் நம்பணுமா?"

"கடுதாசியக் காட்டறேன், பாரு."

"ஒண்ணும் காட்ட வேண்டாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னே, இருந்தேன். வீட்டுக் கடன்னே, இருந்தேன். முட்டி வலின்னே, அதுக்கும் இருந்தேன். இப்ப சாக்கு எதுவும் கிடைக்கலன்னு திருடனைக் கொண்டுவர்றே." டிம்ப்னா தட்டைத் தள்ளி வைத்தார். "நான் நல்ல டீச்சர் ஃபின்டன். உன்னவிட நல்லா நடத்துவேன். பல்லு வலிக்குதுன்னு வர்றவங்கள உக்காருங்கன்னு சொல்லியே என் காலம் போயிடுச்சு."

டிம்ப்னா சொன்னது அத்தனையும் உண்மை.

"சரி. நானும் வர்றேன்," என்றார்.

டிம்ப்னா அவரையே பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவர் தலையில் ஒரு முத்தம் கொடுத்தார். தான் மனம் மாறிவிட்டதாக டிம்ப்னா நினைத்துவிட்டார் என்று ஃபின்டனுக்குப் புரிந்தது. பூட்டிய கதவின் முன்னால் அவர் தனியாக நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் வருகிறேன் என்று எப்படிச் சொல்வது?

டப்ளினிலிருந்து போர்ட்டோவுக்கு விமானம். அங்கிருந்து ரயில். ரயில் ஜன்னலில் உப்பளங்கள் தெரிய ஆரம்பித்ததும் டிம்ப்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஃபின்டன் வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைத் தயார்செய்துகொண்டே வந்தார். கதவு பூட்டியிருந்தால் முதலில் மீன் சாப்பிடக் கூட்டிப்போவது, பிறகு மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தார்.

விலாசத்தில் இருந்த தெரு இருந்தது. வீடும் இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. மாடிப்படி முழுக்கச் சத்தம்.

படியேறிப் போனால், ஒரு பருத்த அம்மாள் கொட்டாவி விட்டபடி எதிரே வந்தார். "டிம்ப்னாதானே? மணி அடிச்சாச்சு. பிள்ளைங்க காத்திட்டிருக்காங்க, உள்ள போம்மா," என்று டிம்ப்னாவின் கையில் சாக்பீஸைத் திணித்து ஒரு அறைக்குள் தள்ளிவிட்டார்.

ஃபின்டன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். உண்மையான பிள்ளைகள். உண்மையான ஈரச் சுவர். டிம்ப்னா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பலகையில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். சாக்பீஸ் உதிர்ந்தது. பக்கத்து அறையில் ஒரு வேல்ஸ்காரர் ஹீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஃபின்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்துச் சொச்சம் வயதில் விட்டுவிட்டு வந்த இடத்துக்கு, யாரோ தன்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு லியோகாதியாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மா, நான்தான் கடுதாசி எழுதின ஃபின்டன். மறைக்காம சொல்லுங்க. டாக்டர் அமோரிம் மோசடிக்காரர்தானே?"

"எங்க அக்கா பையன்தான். டாக்டரும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றார் லியோகாதியா. "நல்லாத்தான் ஏமாத்திப் பிழைச்சிட்டிருந்தான், உங்க கடுதாசி வர்ற வரைக்கும்."

"அப்ப இந்தப் பள்ளிக்கூடம்?"

"விலாசம் வேணும்னீங்க, மாடிய வாடகைக்குப் பிடிச்சான். கொட்டாவி விட ஆள் வேணும்னீங்க, மீன் மார்க்கெட்ல இருந்த என்னக் கூட்டிட்டு வந்தான். குறை சொல்ல ஒரு வாத்தியார் வேணும்னீங்க, க்ளைவ் வேலை குடுத்தாத்தான் குறை சொல்லுவேன்னுட்டார். அவருக்கு வேலைன்னா பிள்ளைங்க வேணுமே, பிள்ளைங்களச் சேர்த்தான்."

லியோகாதியா இன்னொரு கொட்டாவியை விட்டு முடித்தார்.

"கடைசியில கூட்டிக் கழிச்சுப் பாத்தான் ப்ரொஃபசர், உங்களுக்குத் திருப்தியா ஒரு பொய் சொல்றதவிட, நிஜமாவே பள்ளிக்கூடம் நடத்துறது செலவு கம்மியா இருந்துச்சு."