தர்ப்பூசணியைத் தட்டுகிறவர்

கடைசியாக நீங்கள் ஒரு தர்ப்பூசணியைத் தட்டியது எப்போது? மழுப்பாதீர்கள். தட்டினீர்கள். தட்டிவிட்டு ஏதோ புரிந்ததுபோல் தலையையும் ஆட்டினீர்கள். என்ன புரிந்தது?

சரி, உங்களிடம் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் இனத்தின் தலைவரைப் பார்த்துவிடுவோம்.

தட்டுகிறவர் என்ற இனம் எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் வெயிலோடு சேர்ந்து வரும். மாசி பிறந்து சாலையோரம் பழம் குவிந்ததும், வேட்டியை மடித்துக் கட்டி, குவியலில் ஒன்றை எடுத்து இடது உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, காதை அதன்மேல் சாய்த்து, நடுவிரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டி, சுற்றி நிற்பவர்கள் மூச்சை அடக்கும்வரை காத்திருந்து, "ம்ஹூம்" என்று இறக்கி வைத்து, அடுத்ததை எடுத்து, இப்படியே பத்துப் பழத்தை நிராகரித்துவிட்டுப் பதினோராவதை "இதுதான்" என்று அறிவிப்பார். அது அவர் முதலில் இறக்கி வைத்த பழம்.

சிவகாசியில் பழக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்: "அண்ணாச்சி, பழத்தத் தட்டுறீகளா, கதவத் தட்டுறீகளா? எம்புட்டு நேரமாத் தட்டுறீக, உள்ள இருந்து ஒருத்தரும் வரலியே!"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. மேதைகள் சிரிப்பதில்லை.

இந்த அண்ணாச்சியின் பெயர் பலவேசம். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து காய்ந்துவிட்டதா என்பதையும் விரலால் தொட்டே தீர்ப்புச் சொல்வார். எப்படித் தெரியும் என்றால், இருபத்தைந்து வருட அனுபவம் என்பார். அந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது. அதுவும் அனுபவம்தான்.

கடையில் தட்டுவதால் யாருக்கும் சேதமில்லை. அவர் வீட்டுக்கு வந்து தட்டும்போதுதான் வினை.

அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் கருப்பம்மாள். அவருடைய மகள் பொன்மணி ஒன்பதாம் வகுப்பு. 2006 தை மாதத்தில், போன கோடையில் தின்று துப்பிக் காயவைத்திருந்த விதைகளைக் கொல்லையில் ஊன்றினாள். குழாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் வரும் தெரு. அரிசி களைந்ததையும் பாத்திரம் அலசியதையும் ஊற்றியே கொடியை ஓட வைத்தாள். கோலிக்குண்டு போன்ற பிஞ்சோடு பூ விரிந்த தேதிகளை ஒரு வெடிப்பெட்டி லேபிளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். நான்கு காய் பிடித்தது.

செய்தி கேட்டதும் பலவேசம் தானாகவே வந்தார். காய் தரையில் கிடந்தது. குனிவாரா? போர்மேன் குனியலாமா? நின்றபடியே குடை முனையால் தட்டினார்.

"பழுத்தாச்சு. அறு."

அறுத்தார்கள். உள்ளே முள்ளங்கி நிறம்.

"எவளோ பிஞ்சச் சுட்டுவிரல் நீட்டிக் காட்டிருக்கா" என்றார்.

அடுத்த வாரம் இரண்டாவது காய். மறுபடி குடை, மறுபடி "பழுத்தாச்சு", மறுபடி முள்ளங்கி. "கண்ணு பட்டிருக்கு. பழைய செருப்பு ஒண்ணக் கட்டித் தொங்கவிடு." தொங்கவிட்டார்கள். மூன்றாவது காயும் வெள்ளை. இப்போது அவருடைய பார்வை பொன்மணி மேல் போனது.

"ஏத்தா கருப்பம்மா, புள்ள சமஞ்சிருச்சுல்ல? அந்த மூணு நாளும் கொடிப்பக்கம் போகுதோ?"

தீர்ப்பு முடிந்தது. அன்று சாயங்காலமே கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. விதைத்தவள் உள்ளே; கொடி வெளியே.

கவனித்தீர்களா? மூன்று காய் பொய்த்தும் தட்டிய குடைமேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆலையில் ஓர் அறை வெடித்தால் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி மூடுகிறோமே, அதே பழக்கம். மேலே நிற்பவருடைய தப்பு எப்போதும் கீழே இருப்பவளின் கையில்தான் வந்து ஒட்டும்.

நான்காவது காயை ஞாயிற்றுக்கிழமை வந்து தட்டுவதாகச் சொல்லிப் போயிருந்தார். அதுதான் கடைசி. அதுவும் வெள்ளையாகிப் போனால் அந்தப் பெண்ணுக்கு அந்தக் கதவு இனித் திறக்காது.

பொன்மணி சும்மா இருக்கவில்லை. ஆட்டுக்குப் போட்ட மூன்று காய்களின் தோலையும் புரட்டிப் பார்த்திருந்தாள். தரையில் படிந்த அடிப்பக்கம் வெளுத்துக் கிடந்தது. ஹலீம் கடைப் பழங்களுக்கோ அந்த இடம் நல்ல மஞ்சள். லேபிளை எடுத்து நாளைக் கூட்டினாள். பூத்து இருபத்தைந்து நாளைத் தாண்டி ஒரு காயும் கொடியில் இருந்ததில்லை. சனிக்கிழமை தாழ்ப்பாளைத் தானே நீக்கி, தாயின் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்தாள்.

"அம்மா, குனிஞ்சு அடியப் பாரு. வெள்ளையா இருக்கா? காம்புக்கிட்ட இருக்க கொடிச்சுருளப் பாரு, பச்சையா இருக்கு. இது காயணும். அப்பத்தான் பழம்."

"அண்ணாச்சிக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு?"

"அவுக குனிஞ்சதே இல்லியேம்மா!"

கருப்பம்மாள் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை குடை ஓங்கியது. "வேண்டாம் அண்ணாச்சி. இன்னும் பத்து நாள் கெடக்கட்டும்" என்றார் கருப்பம்மாள்.

"அழுகிப் போச்சுன்னா?"

"அழுகட்டும். எங்க காயிதான."

குடை மெல்ல இறங்கியது. "நாளைக்குக் கம்பெனிக்கு வருவேல்ல?"

"வருவேன் அண்ணாச்சி."

வந்தார். நிழலில் உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்தவரைப் பலவேசம் வெடி காயப்போடும் களத்துக்கு மாற்றினார். சித்திரை வெயில். பத்து நாள் கருப்பம்மாளும் காயும் ஒரே வெயிலில் கிடந்தார்கள்.

அந்தப் பத்து நாளுக்குள் பொன்மணிக்கு அந்த மூன்று நாளும் வந்து போயின. கொல்லைக் கதவு திறந்திருந்தது, தண்ணீர் ஊற்றினாள். கொடி குடித்தது. கொடிக்குச் சாத்திரம் தெரியாது.

சுருள் காய்ந்து கம்பியானது. அடிப்பக்கம் மஞ்சளானது. அறுத்தார்கள். சிவப்பு! கத்தி போகுமுன்னே விரிந்துகொண்ட சிவப்பு.

மணம் பிடித்து வந்துவிட்டார் பலவேசம். இரண்டு கீற்றைத் தின்று விதையைத் துப்பினார். "பாத்தியாத்தா? நான் கட்டச் சொன்ன செருப்பு வேலை செஞ்சிருச்சு."

"செருப்ப அவுத்துப் பத்து நாளாச்சு அண்ணாச்சி" என்றாள் பொன்மணி. "அதப் போட்டுக்கிட்டுத்தான் எங்கம்மா ஒங்க களத்துல நின்னா."

பலவேசம் மூன்றாவது கீற்றை எடுத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வாடிய முல்லைக்கும், கெட்டுப்போன ஊறுகாய்க்கும், நொடித்த வியாபாரத்துக்கும் உங்கள் வீட்டில் யாருடைய கை, யாருடைய கால், யாருடைய நாள் காரணமாகச் சொல்லப்பட்டது? சொன்னது யார்? அப்போது நீங்கள் குனிந்து பார்த்தீர்களா, நின்றபடியே தட்டினீர்களா?

பதில் எனக்கு வேண்டாம். இதை மடித்து வைத்துவிட்டு எழுந்து போங்கள். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு கதவு யாருக்காவது சாத்தியிருக்கும். தட்டிப் பழகிய அந்த விரலாலேயே அதன் தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள்.