லட்சுமிக்கு அக்கா

முகத்துக்கு நேரே ‘மூதேவி’ என்று திட்டினால், எழுந்து நின்று “ரொம்ப சந்தோஷம்” என்று கைகூப்பக்கூடிய பிரஜை இந்தியத் தலைநகரில் ஒருவர்தான் இருந்தார். லோதி ரோடு ஆபீசில் எனக்கு அடுத்த மேஜை. எழுபதுகளின் கடைசி. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் மூதேவி சார்.

பட்டம் அவரே தேடிக்கொண்டது. புதுக்கோட்டைப் பக்கம் அவருடைய கிராமத்தில் ஒரு பழங்காலத்துச் சிவன் கோயில். அங்கே ஒரே கல்லில் மூதேவி: பெரிய தொந்தி, தொங்கவிட்ட கால், ஒரு பக்கம் மாட்டுத்தலை மகன், மறுபக்கம் மகள், மேலே காக்கைக் கொடி.

“மூத்த தேவிய்யா! லட்சுமிக்கு அக்கா. ராஜாக்கள் கும்பிட்ட சாமி. அதைப் போய் வசவாக்கி வெச்சிருக்கீங்களே!” என்பார்.

என் கல்யாண ரிசப்ஷனில் மைக்கைப் பிடித்து, “மணமக்களுக்கு மூதேவி கடாட்சம் பரிபூரணமாகக் கிட்டட்டும்” என்று வாழ்த்தினார். அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடம் தென்பட்ட எல்லாக் குறைகளுக்கும் என் மாமியார் அவரையே காரணம் காட்டினார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஒருநாள் ஊரிலிருந்து கடிதம். கும்பாபிஷேகக் கமிட்டி, அந்தச் சிலை பீடை, பெயர்த்துக் குளத்தில் போட்டுவிடலாம் என்று தீர்மானித்துவிட்டது. வாரக் கடைசியில் ஆள் வருகிறது. சார் முகம் செத்துப்போயிற்று. புராதனச் சிலைகளைப் பாதுகாக்கும் இலாகாவுக்கு மனு போடுவது என்று முடிவாயிற்று. இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி ஒரு வதந்தி இருந்ததால், டைப் அடித்தவன் நான்.

நேரில் கொண்டுபோய்க் கொடுத்த மனுவைப் படித்த இலாகாவின் பஞ்சாபி அதிகாரி நிமிர்ந்தார். “துரதிர்ஷ்ட தேவதையா? போனால் நல்லதுதானே, ஜி?” என்றார் இந்தியில்.

சார் என் பக்கம் திரும்பினார். “யோவ், என்னய்யா அடிச்சு வெச்சிருக்கே?”

“டிக்‌ஷனரில அப்படித்தான் சார் போட்டிருக்கு.”

“அதை எழுதினவனுக்கு அக்கா கிடையாது போல!”

பிறகு, ஆண்பால் பெண்பால் பேதம் பாராட்டாத தன் இந்தியில் அவரே இறங்கினார். “சாப், லக்ஷ்மிஜி கா படா பஹன்! தங்கச்சிக்கு உள்ளே பூஜை. அக்காவைத் தண்ணியில தள்றாங்க, சாப்!” இந்தி தீர்ந்துபோய்ப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

அதிகாரியின் பேனா நின்றது. “தீதியா?” அக்காவுக்கு இந்தியில் அதுதான் செல்லப் பெயர்.

“தீதி, சாப்.”

“தீதியை வீட்டை விட்டுத் துரத்துகிறார்களா?” பஞ்சாபி எழுந்தே விட்டார். “ஜல்தி! தந்தி அடி!”

அன்றைக்கே மாவட்டத்துக்குத் தந்தி பறந்தது. பத்து நாளில் பதில் வந்தது. சிலை இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் கமிட்டி அதன் முன்னால் ஒரு திரை போட்டுவிட்டது.

“போகட்டும்” என்றார் சார். “தூக்கத்துக்கும் அவதான் தேவதை. கொஞ்சம் நிம்மதியாத் தூங்குவா.”

அவர் ரிட்டயராகி ஊரோடு போன பிறகு, ஒரு மத்தியானம் அந்தக் கோயிலுக்குப் போனேன். திரையை விலக்கிப் பார்த்தேன். தேவி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் காலடியில், எண்ணெய்க் கிண்ணத்தை மடியில் வைத்தபடி, வாயைப் பிளந்து சார் தூங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போக ஒரே பஸ்தான். அதை விட்டுவிட்டு, அவர் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.