‘எந்த இரண்டாம் பாகம்?’ என்று மேடையில் கேட்ட மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் வாழ்த்துகளுடன் எழுதுவது:

உங்கள் கம்பெனியின் ‘சாம்பல் கோட்டை’ வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் விற்காமல் கிடந்த பெட்டிகள் அத்தனையையும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவை இப்போது என் இரும்புக்கடையின் பின்னறையில், வாளிகளுக்கும் சங்கிலிகளுக்கும் நடுவே, கூரை முட்ட அடுக்கி இருக்கின்றன. விஷயத்தை முதலில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம், ஆகவே நலம் விசாரிப்பு இனிமேல்தான் வருகிறது. நானும் உங்கள் அத்தையும் நலம். என் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் நலமாக இல்லை, அது இப்போது என் வாயிலும் இல்லை, அந்தக் கதை பின்னால் வரும். நீங்களும் என் மகளும் பேத்தியும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை, நீங்கள்தான் போனை எடுப்பதில்லையே. மகளைக் கேட்டால் "அவர் மீட்டிங்ல இருக்கார்ப்பா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் இங்கே வந்து சாப்பிடுகிற வழக்கம் நின்றுபோனதற்கும் அதே மீட்டிங்தான் காரணம் என்றால், அது முடியும்போது நீங்கள் நாட்டை ஆளுகிறவராகத்தான் வெளியே வர வேண்டும்.

ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். மூன்றாம் பாகம் வரப்போகிறது என்று நீங்கள் மேடையேறி அறிவித்ததை, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து நானும் அத்தையும் பார்த்தோம். கறுப்புச் சட்டை எடுப்பாக இருந்தது. முன்வரிசையில் ஒருத்தர் எழுந்து, "ரெண்டாம் பாகத்துல நடந்ததெல்லாம் இதுல தொடருமா?" என்று கேட்டார். நீங்கள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தீர்கள். "எந்த இரண்டாம் பாகம்?" என்றீர்கள். அவ்வளவுதான், அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது, விசிலடித்தது, ஒருத்தர் பக்கத்து நாற்காலிக்காரரைக் கட்டிக்கொண்டு அழுதார். முதல் பாகம் முடிந்த மறுநாள் காலையில் மூன்றாம் பாகம் தொடங்குகிறது, நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை என்று வேறு சொன்னீர்கள். அத்தை, "தண்ணி குடிச்ச விதத்தைப் பாருங்க, மனசறிஞ்சு சொல்லலை" என்றாள். "மனசறிஞ்சா என்ன, அறியாட்டி என்ன, அந்த நடுவுல நின்னது நான்தானே" என்றேன்.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் உங்கள் கம்பெனியில் நடந்தவை எல்லாம் நடக்காதவை ஆகிக்கொண்டிருப்பதால், நடந்தபடியே எழுதிவைப்பது நல்லது. கல்யாணமான புதிதில் நீங்கள் என் கடையில் ஒரு வாரம் வந்து உட்கார்ந்தீர்கள். வாசலில் கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்து, கையில் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, "மாமா, ஒரு வீரன் உங்க கடைக்கு வாள் வாங்க வந்தா எப்படி விப்பீங்க?" என்று கேட்டீர்கள். கேட்டது நீங்கள். நான் சொன்னேன். முன்பின் தெரியாதவனிடம் வாளைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? யார் வீட்டுப் பிள்ளை, அப்பா என்ன தொழில், தாய்மாமன் எங்கே இருக்கிறார், போன தடவை வாங்கின கத்தி என்ன ஆயிற்று, எல்லாம் விசாரிக்க வேண்டும். விலையைச் சொன்னால் அவன் பாதிக்குக் கேட்க வேண்டும். "கட்டுப்படியாகாது தம்பி" என்று நான் வாளைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். அவன் போகிற மாதிரி போக வேண்டும், நான் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட வேண்டும். முக்கியமாக, சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டுகிறவனுக்கு மட்டும் விற்கவே கூடாது. அது வந்த வழி சரியில்லாத காசு, ஷட்டரை இறக்கிவிட வேண்டும். இதை எல்லாம் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, என் கடை இத்தனை வருஷம் நிற்பதே இதில்தான். நீங்கள் ஒன்று விடாமல் இரண்டாம் பாகத்தில் வைத்தீர்கள். என் மீசையை வைத்தீர்கள். என் குரலையே வைத்தீர்கள். அன்றைக்குத் தெருவில் நடக்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஜனங்கள் வாங்கிக்கொண்டு போய் விளையாட உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் நெருப்பைக் கக்கும் ராட்சதப் பல்லி ஊரைக் கொளுத்திக்கொண்டு வருகிறது, இந்தப் பக்கம் வீரன் என் கடை வாசலில் நின்று தாய்மாமன் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவசரத்தில் கேட்ட காசைக் கொடுத்தான் என்றால் ஷட்டர் இறங்கிவிடுகிறது. பேரம் படிந்தாலும் வாளைப் பழைய பேப்பரில் சுற்றி, நூல்கண்டைத் தேடியெடுத்து, முடிச்சுப் போட்டுத்தான் நான் தருகிறேன். அதற்குள் பல்லி கடையைத் தாண்டிப் போயே போய்விடுகிறது. பாதிப் பேர் கடைசிவரை வாளைக் கண்ணால் பார்க்கவில்லையாம், அதற்கு என்னைத் திட்டுகிறார்கள். நான் கேட்கிறேன், தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்களே உங்கள் முதல் பாகம், அதில் என்ன நடக்கிறது? வீரன் அடுத்தவன் வீட்டுக்குள் செருப்புக்காலோடு நுழைகிறான், இருக்கிற பானையை எல்லாம் உடைக்கிறான், உள்ளே இருக்கிற காசைப் பொறுக்கிக்கொண்டு போகிறான், வீட்டுக்காரன் மூலையில் நின்று "வருக வீரரே" என்கிறான். வாள் எங்கே கிடைத்தது? நடுக்காட்டில் ஒரு பெட்டியில். பெட்டிக்கு ஒரு பூட்டுகூடக் கிடையாது. பூட்டு விற்கிறவன் மாப்பிள்ளை நான், எனக்கு வயிறு எரியுமா எரியாதா? திருடினால் அது வீரம், கடைக்கு வந்து முறையாக வாங்குடா என்றால் அது நடக்காத கதை. நல்லா இருக்கு உங்க நியாயம்.

மிச்சப் பெட்டிகளை அரைத்துக் கூழாக்கப் போகிறார்கள் என்று அட்டைப்பெட்டி வியாபாரி ஒருத்தர் சொன்னார். மனசு கேட்கவில்லை, என் மீசை அச்சான பெட்டி ஆயிற்றே. லாரி பேசிக்கொண்டு உங்கள் கிடங்குக்குப் போனேன். மேனேஜரிடம் இரண்டாம் பாகம் வேண்டும் என்றேன்.

"எந்த ரெண்டாம் பாகம் சார்?"

"உங்க முதுகுக்குப் பின்னால மலை மாதிரி குவிஞ்சு கிடக்கே, அது."

அவர் திரும்பியே பார்க்கவில்லை. "அங்க ஒண்ணும் இல்லை சார். ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க."

"சரி, இல்லாத சரக்குக்கு என்ன விலை?"

"இல்லாததுக்கு விலை ஏது?"

"அப்ப லாரியில ஏத்திக்கறேன். ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"இல்லாததை ஏத்தறதுக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

"அப்ப போடாதீங்க" என்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவு சுலபமாக என் ஆயுளில் ஒரு பேரம் படிந்ததில்லை. சுலபமாகப் படிந்தால் சரக்கில் கோளாறு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டேன்.

ஒன்றுகூட விற்கவில்லை. வாளி வாங்கினால் ஒரு பெட்டி இலவசம் என்று எழுதிப்போட்டேன். வந்தவர்கள், "பெட்டியை நீங்களே வச்சுக்கிட்டு வாளி விலையைக் குறைங்க" என்றார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே திரும்பி வந்தார். திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "இன்னொண்ணு குடுங்க. இதை டிவி மேல வச்சேன், இதை விளையாடறதுக்குப் படிக்கறதே மேல்னு என் பையன் புத்தகத்தை எடுத்துட்டான். அறிவியல் முடிச்சாச்சு, கணக்கு பாக்கி இருக்கு" என்றார்.

அந்த வேதனையில் பல்லை நறநறவென்று கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் ஆடிப்போச்சு. பல் டாக்டர்கிட்ட போனேன். சுவரில் உங்க வீரன் படம். அலமாரியில் முதல் பாகம், பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி, அந்த இடைவெளியைத் தினமும் துடைப்பார் போல, பளபளன்னு இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, குழாயை எல்லாம் சொருகிவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். "சின்ன வயசுல இருந்து எனக்கு சாம்பல் கோட்டைன்னா உயிரு சார். ரெண்டாம் பாகம் வந்ததா சிலர் சொல்றாங்க. வரலை. அதுல ஒரு கடைக்காரன் வருவான் பாருங்க..." வராத விளையாட்டில் கடைக்காரன் எப்படி வருவான் என்று கேட்கத்தான் நினைத்தேன், "ஆ" தவிர ஒன்றும் வரவில்லை. "என் லீவு மொத்தமும் அவன் வாசல்லயே போச்சு சார்" என்றார், கொஞ்சம் யோசித்து, "அதாவது, வந்திருந்தா போயிருக்கும்" என்றார்.

அப்புறம் குழாயை எடுத்துவிட்டுப் பிடுங்குவதற்கு இவ்வளவு ஆகும் என்றார். நான் என்ன செய்வேன், பழக்க தோஷம், "கட்டுப்படியாகாது தம்பி" என்றேன்.

கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. என் மீசையைப் பார்த்தார். நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து சாவகாசமாக உட்கார்ந்தார். "பிடுங்கிரலாம். நீங்க யார் வீட்டுப் பிள்ளை? அப்பா என்ன தொழில்? போன தடவை பிடுங்கின பல்லு இப்ப எங்க?" பாதிக் கன்னம் மரத்து, பாதிக் கன்னம் தெறிக்க, என் தாய்மாமன் வரைக்கும் சொன்னேன் மாப்பிள்ளை. தாங்க முடியாமல், "கேட்டதையே தர்றேன், பிடுங்குய்யா" என்றேன். "சொன்னதை உடனே தர்றீங்களே, இது எந்த வழியில வந்த காசு?" என்று தலைக்கு மேலே இருந்த விளக்கை அணைத்துவிட்டார். ஒருவழியாகப் பிடுங்கினார். பிடுங்கிய பல்லைப் பழைய பேப்பரில் சுற்றி, நூலைத் தேடி, நிதானமாக முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தார்.

விளையாட்டு படுத்துப்போச்சேன்னு எனக்கு உங்க மேல கோபம் இல்லை. எந்த வியாபாரி விற்காத சரக்கு வாங்கலை? மூடி பொருந்தாத டிரம் ஒரு லோடு நானும் வாங்கினேன். யாராவது கேட்டா "எந்த டிரம்?"னு நான் தண்ணி குடிக்கலை. ஒண்ணைக் கவிழ்த்து வாசல்ல போட்டேன். அதுலதான் நீங்க உட்கார்ந்தீங்க. நான் போன் பண்ணினா எடுக்கக் கூச்சம், நேர்ல வந்தா முகத்தைப் பார்க்கக் கூச்சம், அதனாலதான மீட்டிங்? ரெண்டாம் பாகம் செஞ்ச அந்த ரெண்டு வருஷத்தைப் பத்தி வீட்டுல பேச்சே எடுக்காதீங்கன்னு மகள் சொல்றா. அந்த ரெண்டு வருஷத்துலதானே பேத்தி பிறந்தா? அது நடக்கவே இல்லைன்னா அவ எங்கேயிருந்து வந்தா, நடுக்காட்டுப் பெட்டியில கிடைச்சாளா?

ஆகவே கறாராகச் சொல்கிறேன். நீங்கள் மறுபடி மேடை ஏற வேண்டும். இரண்டாம் பாகம் உண்டு, அதில் வருகிற கடைக்காரர் என் மாமனார் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் பாகத்தில் என் கடை திறந்தாக வேண்டும். நானும் இறங்கி வருகிறேன்: தாய்மாமனைப் பற்றிக் கேட்க மாட்டேன், நூலை முன்கூட்டியே வெட்டிவைப்பேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் பெட்டிகள் மொத்தத்தையும் உங்கள் ஆபீஸ் வாசலில் இறக்கி, அதே குரலில் கூவிக் கூவி விற்பேன்.

பேத்திக்கு என் முத்தம். மகளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். நீங்கள் எடுத்த காரியம் எல்லாம், இல்லையென்று சொல்கிற காரியமும் சேர்த்து, ஜெயிக்க வேண்டும் என்று நானும் அத்தையும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
நடுவில் நடந்த உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடவும். கடிதத்தை ஒட்டுவதற்குள் பல் டாக்டர் கடைக்கு வந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. "எனக்கில்லை, ஒரு ஃப்ரெண்டுக்கு" என்று ஒரு பெட்டி கேட்டார். விலையைச் சொன்னேன், உடனே எடுத்து நீட்டினார். நான் ஷட்டரில் கைவைத்தேன். மனுஷன் கண் கலங்கிப்போய், "அப்படியே இருக்கு சார்!" என்று டிரம்மில் உட்கார்ந்துவிட்டார். முறையாகப் பேரம் பேசி, தாய்மாமன் தொழிலைச் சொல்லி, கொஞ்சம் குறைத்தும் வாங்கி, கோட்டையைப் பிடித்தவர் மாதிரி பேப்பர் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். அடுத்து ஒரு ஆடிட்டரை அனுப்பினார். அவர் ஒரு பஸ் டிரைவரை அனுப்பினார். இப்போது டிரம்முக்கு வரிசை நிற்கிறது. வருகிற அத்தனை பேரும் இரண்டாம் பாகம் வரவே இல்லை என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் வாங்குகிறார்கள். நீங்கள் ஒப்புக்கொண்டீர்களோ, சரக்கு சாதாரணச் சரக்கு ஆகிவிடும். ஆகவே நம் ஏற்பாடு இதுதான். எந்த மேடையிலும் நீங்கள் இரண்டாம் பாகம் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாம் பாகத்தில் என் கடை ஷட்டர் இறங்கியே இருக்கட்டும், நல்ல பூட்டாகப் போடவும். இதற்கெல்லாம் என் விலை: இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள், மகள், பேத்தி மூன்று பேரும் சாப்பிட வர வேண்டும். ஒருத்தர் குறைந்தாலும் கட்டுப்படியாகாது.