பத்தொன்பது மில்லிமீட்டர்

மார்ச் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. வானம் தெளிவு, காற்று இல்லை, அணை விளிம்புவரை நிறைந்திருந்தது.

கரைமேட்டுத் தூணின்மேல் தொலைநோக்கியைப் பொருத்திய அளவையாளர், எதிர்க்கரையின் வெள்ளைக் குறியை நோக்கினார். அணையின் நடுவே பதித்த பித்தளைத் தகடு அந்த நேர்க்கோட்டிலேயே இருத்தல் வேண்டும். அதுவோ, கீழே ஊர் இருக்கும் பக்கமாக ஆறு மில்லிமீட்டர் விலகியிருந்தது. அந்த ஊரில் நானூறு வீடுகள். அவற்றுள் ஒன்று அவருடையது.

"வெயில் தூணுல ஒருபக்கமா அடிக்குது சார். அதான்," என்றார் உதவியாளர்.

குடை பிடித்தார்கள். எட்டு.

"தூண் லேசா ஆடுதோ என்னவோ. மண்மூட்டை முட்டுக் கொடுப்போமா?"

வெள்ளக் காப்புக்கென வைத்திருந்த மூட்டைகளில் இருபதை அடுக்கினார்கள். பதினொன்று.

"இன்னும் இருபது?"

பதினான்கு.

பத்தைத் தாண்டினால் சங்கு ஊதி ஊரை எழுப்புக என்பது விதி. தவறாக எழுப்பினால் வேலை போகும். எழுப்பாவிட்டால் ஊரே போகும். அளவையாளர் முதலில் வீட்டிற்குத் தொலைபேசினார்.

"எல்லாரும் உடனே மேட்டுக்கு வாங்க. அணை நகருது."

"இருபது வருஷமா அளக்கறீங்க. எங்கம்மா வந்திருக்கற அன்னிக்குத்தான் அதுக்கு நகர வழி தெரிஞ்சுதா?" என்றாள் மனைவி.

சங்கு ஒலித்தது. ஊரார் மூட்டை முடிச்சுகளோடு மேடேறித் தூணைச் சூழ்ந்து நின்றனர். மாமியார் மண்மூட்டைகளின்மேல் சாவதானமாக அமர்ந்தார்.

"மாப்பிள்ளை, உடையறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. கண்ணாடி போட்டுக்கறேன்."

அளவையாளர் மீண்டும் நோக்கினார். பத்தொன்பது.

இனி மதகுகளைத் திறந்து நீரைக் குறைப்பதொன்றே வழி. திறந்தால் நானூறு வீடுகளும் முழுகும். அவர் தொலைபேசியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா." கூட்டத்திலிருந்த கொத்தனார் குனிந்து ஒரு மூட்டையைப் புரட்டினார். அடியில், விரல் நுழையுமளவு நிலம் பிளந்திருந்தது. "போன கோடையில இந்தத் தூணைப் புதுசாக் கட்டினது நான்தானுங்க. பாறை வரைக்கும் தோண்டச் சொன்னாங்க. பாதியில கடப்பாரை உடைஞ்சுபோச்சு, அத்தோட நிறுத்திக்கிட்டேன்."

"அதனால?"

"அணை நின்ன எடத்துலதான் நிக்குது. நாமதான் எல்லாரும் தூணோட சேர்ந்து தண்ணிப் பக்கமா போய்க்கிட்டிருக்கோம்."

மேடு காலியானபோது மணி பதினொன்று நாற்பத்தாறு.