பொடியனை நீக்கும் கடிதம்

யார் என்ன சொன்னாலும் பொடியனை அணியிலிருந்து அனுப்பியே தீருவது என்று சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். யார் என்ன சொன்னாலும் என்றால், என் மனைவி என்ன சொன்னாலும் என்று அர்த்தம். வேறு யாரும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.

எங்கள் குடிநீர் வழங்கல் அலுவலகத்துக்கு ஒரு ஹாக்கி அணி உண்டு. பதினாறு வருடமாக நான் அதில் டிபெண்டர். அதாவது, எதிரணி கோல் போடாமல் தடுக்க வேண்டியவன். கோச், கோல்கீப்பர், நான் ஆகிய மூவரும்தான் தேர்வுக் குழு. இந்த வருடம் மீட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்தான் பொடியன். வயது இருபத்திரண்டு. வந்த மூன்றாவது மாதமே, நான் தடுக்க வேண்டிய பந்தையெல்லாம் நான் போய்ச் சேர்வதற்குள் தடுத்துவிட்டு நின்றான்.

அடுத்த சீசனுக்கு நான்கு டிபெண்டர்கள் போதும். இருப்பது ஐந்து பேர். பொடியன் போகாவிட்டால் நான் போக வேண்டும். ஹாக்கியை எடுத்துவிட்டால் நான் வெறும் புகார்ப் பிரிவு குமாஸ்தா.

குழுவில் பேசிப் பேசி, பொடியனை விடுவிக்க மற்ற இருவரையும் சம்மதிக்க வைத்துவிட்டேன். கோச் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காரணத்தை நான் எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை அதை எல்லா ஆட்டக்காரர்கள் முன்னாலும் அவர் படிப்பார்.

எழுத உட்கார்ந்தேன். மனைவி துவைத்த துணிகளோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க எழுதுறீங்க?"

"பொடியனை டீம்ல இருந்து அனுப்புறோம்."

"ஏன்? நல்லாத்தானே ஆடுறான்?"

"ஹாக்கியைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"பதினாறு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து வெயில்ல உட்கார்ந்திருக்கேன். ஏதோ கொஞ்சம் தெரியும்."

"அவனுக்கு அனுபவம் பத்தாது."

"வெளிய அனுப்பிட்டா வந்துடுமா?"

"அவசரக்குடுக்கை. பந்தைப் பார்த்ததும் ஓடுறான்."

"நீங்க ஓட மாட்டீங்களா?"

"நான் யோசிப்பேன்."

"ஆமா. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கோல் விழுந்துடும்."

இது வேலைக்காகாது என்று துருப்புச்சீட்டை இறக்கினேன்.

"இந்த சீசன்ல மட்டும் ஆறு பெனால்டி கார்னர் குடுத்திருக்கான். தெரியுமா?"

கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் பந்து நம் காலில் பட்டாலோ, வேறு தப்பாட்டம் ஆடினாலோ எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. பல சமயம் கோலில் போய் முடியும். மனைவி கையிலிருந்த துண்டை மடிக்காமல் என்னையே பார்த்தாள்.

"ஆறா? அப்போ நீங்க சொல்றதுதாங்க சரி."

கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். நானோ பனியனில் இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணுங்க. அவன் பேரைப் போட்டு எழுதினா, பொறாமையில எழுதினீங்கன்னு பேசுவாங்க."

"பொறாமையா? எனக்கா?"

"உங்களுக்கு எதுக்குங்க? பேசுற வாயை மூட முடியுமா? பேரே வேணாம். இந்த சீசன்ல அதிகமா பெனால்டி கார்னர் குடுத்த டிபெண்டரை விடுவிக்கணும்னு பொதுவா எழுதுங்க. ஸ்கோர் நோட்டைப் பார்த்தா ஆள் யாருன்னு தானா தெரிஞ்சிடும். உங்க மேல பழியும் வராது."

இவளுக்குள் இப்படி ஒரு மூளையா என்று அசந்துபோனேன். மற்ற மூன்று டிபெண்டர்கள் கொடுத்ததையும் மனதில் எண்ணிப் பார்த்தேன். நாலு, மூணு, ரெண்டு. பொடியன் ஆறு. என்னுடையதை எண்ணவில்லை. எதற்கு எண்ண வேண்டும்? பொடியன் காலில் பந்து பட்டால் அது அவன் தப்பு. என் காலில் பட்டால் அது அம்பயரின் தப்பு. இதில் எனக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உறையில் போட்டு ஒட்டியது அவள்தான்.

திங்கட்கிழமை மதியம், அலுவலகச் சாப்பாட்டு அறையில் கோச் கடிதத்தைப் படித்தார். கோல்கீப்பர் நோட்டைப் புரட்டி எண்ணினார். பொடியன் ஆறு. நான் பதினொன்று. கோச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நேர்ல சொல்ல மனசு வராம எழுத்துல குடுத்துட்டீங்களே சார். வளர்ற பையனுக்கு இடத்தை விட்டுத் தர இந்தக் காலத்துல யாருக்கு மனசு வரும்?"

மறுப்பதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் கைதட்டிவிட்டார்கள். பொடியன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவன் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, வேறு காரணத்துக்காக.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தேன்.

"பதினாறு வருஷம். ஒரே கடிதத்துல என்னை வெளிய அனுப்பிட்டியே."

"அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு இன்னொரு சீசனாங்க? போன மாசம் மாடி ஏற முடியாம நாலாவது படியிலயே உட்கார்ந்து சாப்பிட்டீங்க. பார்க்கவே பயமா இருந்துச்சு. வேணாம்னு சொன்னா கேட்டீங்களா?"

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கும் இறங்கியிருக்கும். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"அதெல்லாம் இருக்கட்டும். பதினொண்ணுங்கிறது பொய். கோல்கீப்பர் தப்பா எண்ணிட்டான்."

"தப்பாத்தாங்க எண்ணியிருக்காரு," என்றாள். "நான் எண்ணினப்ப பதினாலு வந்துச்சு."