பண்டியக்கா தைத்த வேட்டைச் சட்டை

பாரிஸில் வாழும் தமிழர் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, காட்டுப்பன்றியை எந்த இடத்தில் சுட வேண்டும் என்று கேட்டால் சரியான பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அதே வரிசையில், பேக்கரியில் ஒரு பாண் கேட்டு வாங்கி வரச் சொன்னால் முழி பிதுங்கக்கூடியவரும் ஒருவர்தான் இருந்தார். இரண்டு பேரும் ஒரே ஆள். பண்டியக்கா.

பன்றியை நாங்கள் பேச்சில் பண்டி என்போம். அக்காவின் சொந்தப் பெயர் அவருடைய வதிவிட அட்டையில் மட்டும் இருந்தது. பாரிஸின் லா சப்பல் பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், ஒரு சாறிக் கடையின் பின்பக்கத்தில் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்தார். ஐம்பது வயது, என் நெஞ்சளவு உயரம். கல்யாணத்துக்கு முதல் நாள் துணியைக் கொடுத்தாலும் தைத்துத் தருவார். ஆனால் இலையுதிர் காலம் தொடங்கி மாசி மாதம் வரை, ஞாயிற்றுக்கிழமை என்றால் மணப்பெண்ணே வந்து காலில் விழுந்தாலும் கடையில் இருக்கமாட்டார். காட்டில் இருப்பார்.

அக்கா அகதியாக வந்த புதிதில் அவரைத் தூக்கி சோலோன் காட்டோரம் ஒரு சின்ன ஊரில் போட்டுவிட்டார்கள். ஆறு மாதம் ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. ஒரு ஞாயிறு கதவு தட்டப்பட்டது. திறந்தால், தோளில் துவக்கோடு ஒரு மலை போன்ற வெள்ளைக்காரர். அக்கா அந்தக் கணமே இரண்டு கையையும் உயர்த்தினார். அக்கா உயர்த்திய கை ஒன்றில் அந்த மனிதர் ஒரு பொதியை வைத்துவிட்டுப் போனார். பன்றித் தொடை. அயல் வீட்டுக்குப் பங்கு கொடுப்பது அந்த ஊர் வேட்டைக்காரரின் வழக்கமாம். அக்கா அதை எங்கள் வறுத்த தூள் போட்டுக் கறியாக்கி, பாதியைச் சட்டியோடு திருப்பி அனுப்பினார். அடுத்த ஞாயிறு வாசலில் பதினொரு பேர் நின்றார்கள். பதினொரு பேரும் வெறும் சட்டியோடு.

நான்காவது வருடம் அக்காவிடம் வேட்டை அனுமதிப்பத்திரம் இருந்தது. பிரெஞ்சும் இருந்தது. ஆனால் அது முழுக்க அந்தப் பதினொரு பேரிடம் பொறுக்கிய பிரெஞ்சு. அதோடுதான் தையல் வேலைக்குப் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

இதன் விளைவை நேரில் பார்த்தவன் நான். அந்தத் தெருவில் ஆட்களுக்குப் படிவம் எழுதிக் கொடுப்பதும், அலுவலகங்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போவதும்தான் என் தொழில். அக்காவின் அட்டையைப் புதுப்பிக்கக் கூடப் போயிருந்தேன். நான் வாயைத் திறக்க முதல் அக்கா முந்திவிட்டார். பிள்ளைகள் எத்தனை என்று அதிகாரி கேட்டார். "குட்டிகள் இல்லை," என்றார் அக்கா பிரெஞ்சில். கணவர்? "தப்பி ஓடிவிட்டது. காயம் படவில்லை." அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகள் அபிரா, பதினாறு வயதில், தாயின் பிளவுஸை எடுத்து வரப் போனாள். பிளவுஸ் வரவில்லை. வேட்டைப் பரீட்சைக்கான புத்தகத்தோடு வந்தாள்.

"பெற்றோர் கையெழுத்து வேணுமாம்," என்றாள்.

நான் அதிர்ந்தது வேட்டைக்காக இல்லை. அவள் தமிழில் சொன்னாள். நாங்கள் தமிழில் பத்து வசனம் பேசினால் பிரெஞ்சில் அரை வசனம் திருப்பித் தருகிற பிள்ளை அவள். அக்காவிடம் பிரெஞ்சில் பேசப் போனால் "நில், குனி, விடு, சுடு" என்பதற்கு மேல் ஒன்றும் நகராது என்பதால், வேறு வழியில்லாமல் தமிழுக்கு இறங்கியிருக்கிறாள். ஒரே மாதத்தில் அந்தத் தமிழ் வீட்டுக்குள்ளும் வந்தது. சாப்பாட்டு மேசையில், "அப்பா, காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்குது?" என்று கேட்பாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

என் மனைவி லேசில் விடவில்லை. "இஞ்சாருங்கோ, பரீட்சை பாஸ் பண்ணினது சரி. போற நாள் எப்ப எண்டு பாத்தனீங்களோ? கந்தசஷ்டி! ஊர் உலகம் விரதம் இருக்கேக்கை என்ரை பிள்ளை பண்டி சுடப் போறதோ?"

இருவரும் அக்காவிடம் போனோம். அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"தங்கச்சி, வள்ளியைக் கட்ட முருகன் என்ன வேஷத்திலை போனவர்?"

"வேடன் வேஷத்திலை."

"பிறகென்ன? அவர் கோவிக்கமாட்டார். பிள்ளையின்ரை தோள் அளவை எடுக்க வேணும், நாளைக்கு அனுப்பும்."

அடுத்த இரண்டு கிழமையும் புதிதாக வேட்டைக்குப் போகிற ஒரு பிள்ளைக்குத் தேவையான அத்தனை அறிவுரையும் எங்கள் வீட்டில் கொட்டியது. செம்மஞ்சள் மேற்சட்டை போட வேண்டும், மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காக. அதைக் கடையில் வாங்க அக்கா விடவில்லை. கடைச் சட்டை தோளில் தொளதொளக்கும், துவக்குக் கட்டை வழுக்கும் என்று தானே தைத்தார். பிளவுஸ் தைத்த முப்பது வருடப் பழக்கம் கையை விடவில்லை. கொக்கி முழுக்க முதுகுப் பக்கம் வந்துவிட்டது. பிள்ளை தனியாக அதைப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. எனக்கும் ஒன்று தைத்தார். பன்றியை விரட்டும் ஆட்களோடு நானும் நடக்க வேண்டும் என்பது என் மனைவியின் நிபந்தனை. எனக்கு வரும்போது துணி போதவில்லை. ஒரு கூறைச் சாறியில் மிஞ்சிய சரிகைக் கரையை அடியில் ஓட்டிவிட்டார்.

"அக்கா, பண்டி சிரிக்குமே."

"சிரிக்கட்டும். நிண்டு சிரிச்சால் சுடச் சுகம்."

சப்பாத்து ஒரு அளவு பெரிது, உள்ளே இரண்டு காலுறை. காப்பு, கொலுசு கழற்ற வேண்டும். மூன்று நாள் வாசனைச் சவர்க்காரம் கூடாது. "சந்தன சோப் போட்டியோ, பண்டி ஓர்லியோன் பட்டணம் தாண்டிப் போயிடும்." தலைக்கு எண்ணெய் கூடாது. சாமான் பட்டியலை அக்கா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். "ரவை" என்று எழுதியதைப் பார்த்து என் மனைவி இரண்டு கிலோ வாங்கி வந்துவிட்டாள். துவக்கு ரவை என்று விளக்கிய பிறகு அதை உப்புமாவாகவே நாங்கள் சாப்பிட்டு முடித்தோம்.

சாப்பாட்டை அக்கா சத்தத்தை வைத்துப் பிரித்திருந்தார். முறுக்கு அறவே கூடாது. தட்டை வடை, முறுக்கைவிட மோசம். அப்பளம் கொண்டு போகிறவர் மனிதரே இல்லை. இடியப்பம்தான் உலகத்திலேயே சத்தமில்லாத சாப்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாடம் இருந்தது. அதில் மட்டும் அக்கா பகிடி விடமாட்டார். வேட்டைக்காரர்கள் ஒரு கோட்டில் தள்ளித் தள்ளி நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவரை நோக்கி ஐந்து எட்டு வைத்து, அங்கிருந்து பக்கவாட்டில் மூன்று எட்டு வைத்து ஒரு தடி நட வேண்டும். உன் இடத்துக்கும் அந்தத் தடிக்கும் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மனிதர் இருக்கும் பக்கம். அங்கே யானையே வந்தாலும் துவக்கு திரும்பக்கூடாது. இதை அக்கா தையல் சோக்கட்டியால் நடைபாதையில் கீறி, அபிராவின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துப் பழக்கினார். மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைக் கடந்தார்.

"வாயை நிலத்துக்குப் பிடியும்!" என்று கத்தினார் அக்கா.

"எது வாய்?" என்றார் அவர் பரிதாபமாக, காய்களைப் பார்த்து.

ரோந்து வந்த இரண்டு பொலிஸார் நின்று விசாரித்தார்கள். அக்கா தன் பிரெஞ்சில் விளக்கினார். ஒருவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மாமனாரும் வேட்டைக்காரராம். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தானும் ஐந்து எட்டு நடந்து, அக்காவின் கோடு கொஞ்சம் கோணல் என்று திருத்திவிட்டுப் போனார்.

வேட்டைக் கழகத்தின் தலைவரை அக்கா தலைவர் என்றே சொல்வார். புறப்படுவதற்கு முதல் நாள் பலசரக்குக் கடையில் சனம் முட்டி நிற்கும்போது, என்னைக் கண்டு உரக்கச் சொன்னார்: "தம்பி, தலைவர் கதைச்சவர். நாளைக்கு விடியக் காட்டுக்கு வரட்டாம். துவக்குத் தன்னட்டை இருக்காம்."

கடை அப்படியே உறைந்தது. ஈழத்தில் போர் முடிந்து, இயக்கத் தலைவர் இறந்தார் என்று செய்தி வந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. காடும் தலைவரும் துவக்கும் ஒரே மூச்சில் காதில் விழுந்தால் எங்கள் ஆட்களுக்கு என்ன ஆகும்? அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவர் மூட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். ஒரு வயதானவர் கண்ணைத் துடைத்தார். "பண்டி வேட்டை, அண்ணை. பண்டி வேட்டை," என்று நான் ஒவ்வொருவராகச் சொல்லித் தீர்க்க அரை மணி நேரம் எடுத்தது.

ஞாயிறு காலை ரயிலில் போய் இறங்கினோம். பனி மூட்டம். தலைவர் எல்லோரையும் வட்டமாக நிறுத்திப் பாதுகாப்பு விதிகளை வாசித்தார். அபிராவுக்கு ஒரு துவக்கை இரவல் கொடுத்து, அவளை அக்காவுக்கு அடுத்த இடத்தில் நிறுத்தினார். என்னை விரட்டுகிற ஆட்களோடு பற்றைக்குள் அனுப்பினார்கள். கத்திக்கொண்டே நடக்க வேண்டும். என்ன கத்துவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. சஷ்டி நாள், வாயில் வந்தது "அரோகரா!" தான். இடப்பக்கம் நடந்த கிழவருக்கு அது பிடித்துப்போயிற்று. கால் மணி நேரத்தில் சோலோன் காட்டில் ஏழு பிரெஞ்சுக்காரர் "அரோகரா" போட்டுக்கொண்டு பன்றி கலைத்தார்கள்.

அந்தப் பக்திப் பரவசத்தில் நான் வரிசையை விட்டு விலகியதைக் கவனிக்கவில்லை. கால் வழுக்கியது. ஒரு பள்ளத்தில் உருண்டு, பெரணிச் செடிகளுக்குள் குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கினால், முப்பது எட்டு வைக்கும் தூரத்தில் என் மகள். எனக்கும் அவளுக்கும் நடுவே, செடிகளைப் பிளந்துகொண்டு ஒரு கறுத்த உருவம். அலுமாரி ஓடி வருவது போல இருந்தது. அபிராவின் துவக்கு தோளுக்கு ஏறியது. குழல் பன்றியோடு சேர்ந்து திரும்பியது. திரும்பித் திரும்பி என் பக்கம் வந்தது.



குழல் நின்றது. பிறகு நேரே வானத்துக்கு உயர்ந்தது. பன்றி என்னை ஒரு சாப்பாட்டு மேசை நீளத்தில் கடந்து, மூச்சுக்காற்று முகத்தில் அடிக்க, காட்டுக்குள் போய்விட்டது.

விரட்டு முடிந்ததென்று கொம்பு ஊதியதும் அக்கா ஓடி வந்தார். என்னிடம் இல்லை, பிள்ளையிடம். அபிரா துவக்கை வானத்துக்குப் பிடித்தபடியே நின்றாள்.

"அன்ரி, ஏதோ தங்கம் மாதிரி மினுங்கினது. அப்பாவின்ரை சரிகை எண்டு..."

"கதையாதை. முதல் துவக்கைத் திற," என்றார் அக்கா. திறந்தாள். "ரவையை எடு." எடுத்தாள். "என்னட்டைத் தா." கொடுத்தாள்.

"இப்ப அழு."

அபிரா அழுதாள். அவளை அணைத்தபடி அக்கா ஈர இலைகளில் உட்கார்ந்துவிட்டார்.  கொஞ்ச நேரம் கழித்து எழும்பினார். அபிராவின் இடத்திலிருந்து ஐந்து எட்டு, பக்கவாட்டில் மூன்று எட்டு. தடியோடு கண்ணை ஓட்டி, நான் விழுந்த இடத்தைப் பார்த்தார்.

"கோட்டுக்கு அரை அடி உள்ளுக்கை, சுடக்கூடிய பக்கத்திலை கிடந்திருக்கிறீர். தம்பி, உம்மாலை நூறு கிலோ போச்சு."

தலைவர் தொப்பியைக் கழற்றி அபிராவின் கையைக் குலுக்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் வந்து குலுக்கினார்கள். அன்று வேறொருவர் சுட்ட பன்றியில் முதல் பங்கை அவளுக்கே வைத்தார்கள். விரத வீட்டுக்கு அதைக் கொண்டு போக முடியாதென்று அக்காவே எடுத்துக்கொண்டார்.

நடந்ததை வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். சூரன் போர் முடிந்து பாரணை பண்ணிய அன்று, கையில் துணியும் இல்லாமல் பிளவுஸ் அளவும் இல்லாமல் அக்காவின் கடைக்குப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்துக் கண் சிவந்து வந்தாள். என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அபிரா பிறகு இரண்டு வருடம் வேட்டைக்குப் போனாள். இப்போது லியோனில் வேலை, நேரமில்லை. அக்கா கடையை விட்டுவிட்டு, அந்தக் காட்டோர ஊருக்கே போய்விட்டார். சோலோனில் சாறி பிளவுஸ் தைக்க ஆளில்லை. கழகத்தின் மேற்சட்டைகளைத் தைக்கிறார் என்று கேள்வி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் நோவாம். ஞாயிற்றுக்கிழமைக் காட்டை மட்டும் விடவில்லை.

வேட்டைக் காலம் வந்தால் எங்கள் வீட்டில் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு பிந்தும். கறி எல்லாம் ஆறிக் கிடக்கும். என் மனைவி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு யன்னலோரம் நிற்பாள். அக்கா காட்டை விட்டு வந்துவிட்டார் என்று அவருடைய குரலே வந்து சொன்ன பிறகுதான், சோற்றுப் பானையைத் திறப்பாள்.